வெயில் படாத பிள்ளைகள்

முதலில் ஒரு விடுகதை. பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

வெயில் காணாத பிள்ளைகள்,
வீட்டுக்குள்ளே ஒன்பது பேர்;
எட்டாம் நாள் தலைமேலே,
ஒன்பதாம் நாள் தண்ணிக்குள்ளே.

அது என்ன? கையில் அந்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டே யோசியுங்கள் தாயி. இறுக்கியே சுற்றுங்கள், எனக்கு வலிக்காது. அது அளக்கும்போது பேசக் கூடாதா? சரி, பேசவில்லை.

முடிந்ததா? பிரஷர் நூற்று எண்பதா? கூடுதல்தான் என்று உங்கள் முகமே சொல்கிறதே.

மாத்திரை ஏன் மிச்சமிருக்கிறது என்று கேட்டால் இந்தக் கிழவி விடுகதை போடுகிறாளே என்று பார்க்கிறீர்கள். போன மாசம் வரை இந்தத் தெருவுக்கு வந்த நர்சம்மா மாத்திரையை எண்ண மாட்டாள். "நல்லா இருக்கீங்களா பெரியம்மா?" என்பாள். "இருக்கேன்" என்பேன். மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். நீங்கள் புதுசு. வந்ததும் டப்பாவைத் திறந்து எண்ணிவிட்டீர்கள். ஒன்பது மாத்திரை மிச்சம். அதற்குக் காரணம் கேட்டீர்கள். காரணம் அந்த விடுகதையில்தான் இருக்கிறது.

தெரியவில்லையா? முளைப்பாரி தாயி.

மாரியம்மன் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால், செவ்வாய்க்கிழமை, பாரி போடுவோம். அடியில் ஓட்டை போட்ட மண்சட்டியில் வைக்கோலைப் பரப்பி, காய்ந்த ஆட்டுப் புழுக்கையை நுணுக்கித் தூவி, ஊறவைத்த ஒன்பது வகைப் பயறும் தானியமும் விதைப்போம். விதைத்து இருட்டறையில் வைத்துவிடுவோம். ஒரு பொட்டு வெளிச்சம் படக் கூடாது. வேற்றாள் பார்க்கக் கூடாது. ஆம்பிளை அந்த வாசல் பக்கமே வரக் கூடாது. இருட்டில் அது விறுவிறுவென்று வளரும். எட்டாம் நாள் எடுத்தால் ஒரு சாணுக்கு மேல், குருத்து மஞ்சளாக, நெருக்கமாக நிற்கும். தலையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். மறுநாள் ஊருணியில் கரைத்துவிடுவோம். யார் வீட்டுப் பாரி நெட்டையாக, மஞ்சளாக வருகிறதோ அந்த வீட்டுக்கு அந்த வருஷம் குறை கிடையாது.

நான் நாற்பத்தொரு வருஷமாகப் போடுகிறேன். என் வீட்டுக்காரர் செத்த வருஷம் மட்டும் தீட்டு, போடவில்லை. எங்கள் ஊரில் தாலி இல்லாதவளும் எடுக்கலாம். எங்கள் அம்மனுக்கு அந்தப் பேதம் இல்லை. பூரணத்தாய் பாரி என்றால் ஊர்வலத்தில் முதல் வரிசை. நானாகச் சொல்லவில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாரி போட்டவள் அந்த ஒன்பது நாளும் விரதம். ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. வெறுந்தரையில் படுக்கை. காலில் செருப்பு கிடையாது. இப்போது சொல்லுங்கள், உங்கள் மாத்திரையைக் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்கிறீர்கள். காலையில் சாப்பாடு இல்லை. வெறும் வயிற்றிலும் போடக் கூடாது என்கிறீர்கள். அப்புறம் எப்படிப் போட? மாத்திரையும் வாய் வழியாக உள்ளே போகிறதுதானே, அதுவும் ஓர் ஆகாரம்தானே. ஒன்பது நாளைக்கு அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று எடுத்து வைத்துவிட்டேன்.

திட்டாதீர்கள். இன்னும் முடியவில்லை. எழுதுகிறதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு உட்காருங்கள். அந்த நாற்காலியில் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும்.

இந்த வருஷம் பாரி போட்டது ஊருக்காக இல்லை. என் பேத்திக்காக. என் மகள் செல்வராணியின் பிள்ளை. கனிஷ்கா என்று பேர் வைத்திருக்கிறார்கள், எனக்கு அது வாயில் நுழையாது, கனி என்று கூப்பிடுவேன். மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறார்கள். பிள்ளைக்கு மூணு வயசு இருக்கும்போது கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். இப்போது பதினொன்று. எட்டு வருஷம் வளர்த்தது நான். ஆறாவது முடித்துவிட்டாள். இந்த ஆனியிலிருந்து திருப்பூரிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறோம், அம்மன் பொங்கலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறோம் என்று பங்குனி மாசம் மகள் போனில் சொன்னாள். நாளைக்குக் கரண்ட் இருக்காது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

 போனை வைத்துவிட்டேன். நேராகக் கோயிலுக்குப் போனேன். "ஆத்தா, பாரி போடுறேன். ஒரு சாண் உயரம், மஞ்சளா வந்துச்சுன்னா பிள்ளை என்கிட்ட இருக்கணும்னு நீ சொன்னதா எடுத்துக்கிறேன். குட்டையா வந்தா நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், அனுப்பிடுறேன்" என்று சொல்லி, எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தேன். எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த பேச்சு. மூணாவது ஆளாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

பிள்ளைக்கு இங்கே என்ன குறை, சொல்லுங்கள். திருப்பூரில் ஒரே ஒரு அறை. வரிசை வீடு. சுவரில் கைவைத்தால் அடுத்த வீட்டுக்காரன் இருமுவது கேட்கும். ஒரு ஜன்னல்கூடக் கிடையாது, நான் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். பிள்ளை பூட்டிய வீட்டுக்குள் டிவியைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். இங்கே அப்படியா?

இங்கே காலையில் நாலரைக்கு எழுந்திருப்பாள். நான் எழுப்புவதுகூட இல்லை, செம்பைத் தட்டினால் எழுந்துவிடுவாள். வாசல் தெளித்துக் கூட்டுவாள். அஞ்சு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், நாலு குடம். நாலே குடம், அதுவும் சின்னக் குடம். ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம். சாயங்காலம் வந்தால் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போவாள். மிளகாய்ப் பழம் எடுக்கிற மாசம் என்றால் களத்தில் கொஞ்சம் கிண்டி விடுவாள். வெள்ளிக்கிழமை வீடு மெழுகுவாள். இதெல்லாம் வேலையா தாயி?

அந்த வயசில் நான் செய்தது வேலை. பதினொரு வயசில் எங்கள் ஐயா என்னைப் பருத்திக் காட்டில் களை வெட்ட விட்டார். கரிசல் காடு, சித்திரை வெயில். பொழுது கிளம்பும் முன் காட்டில் நிற்க வேண்டும், பொழுது இறங்கிய பிறகு வரப்பில் ஏற வேண்டும். கையில் கொப்புளம் உடைந்து மண்வெட்டியின் கைப்பிடிக் கணையில் ஒட்டும். அழுதால் அம்மா சொல்வாள், அழுகிற நேரத்தில் இரண்டு அடி வெட்டலாம் என்று. அன்றைக்குப் பிடித்தேன் மண்வெட்டியை, இன்னும் விடவில்லை. இரண்டு ஏக்கர், மானாவாரி. மழை பெய்தால் உண்டு. காட்டு வேலை இல்லாத நாளில் நூறு நாள் வேலைக்குப் போகிறேன். ஒரு நாள் சும்மா உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. உட்கார்ந்தால் காலுக்கு வலி தெரிகிறது, அதனால் உட்காருவதில்லை.

அப்படிப் பார்த்தால் கனி ராணி மாதிரி. ஒரு சொல் கோபமாகச் சொன்னதில்லை. போன கார்த்திகையில் ஒரு நாள் வந்து, "அம்மாச்சி, கோ-கோவுல என்னைச் சேத்திருக்காங்க, சாயங்காலம் ஒரு மணி நேரம் இருக்கணும்" என்றாள். "ஆட்டை யாரு பார்ப்பா தாயி?" என்று கேட்டேன். அவ்வளவுதான். மறுபடி கேட்கவே இல்லை. ஒரு முறை சொன்னால் புரிந்துகொள்கிற பிள்ளை. வாயே திறக்க மாட்டாள். பக்கத்து வீட்டு ராக்காயி மதினி கேட்பாள், "என்ன, உங்க வீட்டுல பிள்ளை இருக்குதா இல்லையான்னே தெரியலையே" என்று. சந்தோஷமாக இருக்கிற பிள்ளைக்குப் பேச என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

செல்வராணியும் இப்படித்தான் இருந்தாள் சின்ன வயசில். சத்தமே இருக்காது. பதினேழு வயசில் ஒரு நாள் மில்லுக்கு ஆள் ஏற்றுகிற வேன் வந்தது. ஏறிப் போய்விட்டாள். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. நான் காட்டிலிருந்து வந்து பார்க்கிறேன், சோறு வடித்து மூடி வைத்திருக்கிறது, ஆளைக் காணோம். ஏன் போனாள் என்று இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. அம்மன் சத்தியமாகச் சொல்கிறேன், விளங்கவில்லை.

எங்கே விட்டேன்? பாரி.

செவ்வாய்க்கிழமை போட்டேன். தானியம் வைக்கிற அறையில் வைத்தேன். அதில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு, அதைச் சாக்கு வைத்து அடைத்தேன். புதன், வியாழன் இரண்டு நாளும் தலை முழுகி, ஈரச் சேலையோடு போய்த் தண்ணீர் தெளித்தேன். வியாழக்கிழமை பார்க்கிறேன், மண்ணை முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் நாலு விரல் உயரம். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் தாயி. இந்த வேகத்தில் போனால் ஒன்றரைச் சாண் வரும். ஆத்தா சொல்லிவிட்டாள், பிள்ளை எனக்குத்தான் என்று நினைத்தேன்.

அன்றைக்குக் காட்டில் கடைசி எடுப்பு மிளகாய் கிடந்தது. போனேன். பதினோரு மணி வெயில். குனிந்து நிமிர்ந்தேன், அவ்வளவுதான் தெரியும். கண் முழித்தால் வரப்பில் கிடக்கிறேன், கனி என் முகத்தில் தண்ணீர் அடிக்கிறாள். லீவு நாள் என்பதால் கூட வந்திருந்தாள். அந்தப் பிள்ளைதான் தோளில் கையைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. என்னை விட நாலு விரல் குட்டை, எப்படி நடத்திக் கொண்டுவந்தாளோ தெரியவில்லை.

வந்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். "மாத்திரை போடு அம்மாச்சி."

"விரதம்டி."

"மாத்திரைக்கு ஏது விரதம்? நர்சம்மா தினமும் போடச் சொன்னாங்கல்ல."

"அம்மனை விட நர்சம்மா பெருசா?"

 டப்பாவை மூடி வைத்தாள். சொன்னேனே, ஒரு முறை சொன்னால் போதும்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. தலை சுற்றுகிறது, சுவரெல்லாம் ஓடுகிறது. பாரிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டுமே. கனி இன்னும் வயசுக்கு வரவில்லை, அதனால் அவள் செய்யலாம், குற்றமில்லை. "தலை முழுகிட்டுப் போ. தெளிச்சிட்டு உடனே கதவைச் சாத்திட்டு வா. யார்கிட்டயும் அதைப் பத்திப் பேசாதே" என்று சொன்னேன். ஜன்னலைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் அவள்தான் தெளித்தாள். சோறு ஆக்கினாள், ஆட்டைப் பார்த்தாள், என் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறினாள். "பாரி எப்படித் தாயி இருக்கு?" என்று கேட்டால், "நல்லா வருது அம்மாச்சி" என்பாள். சந்தோஷமாகச் சொன்னாள். அதைக் கேட்டு நானும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

திங்கள்கிழமை மத்தியானம் கொஞ்சம் தெளிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அந்தக் கதவைத் திறந்தேன்.

அறை முழுக்க வெயில்.

ஜன்னல் சாக்கைக் காணோம். மடித்து மூலையில் வைத்திருக்கிறது. பாரி அரைச் சாண் உயரத்தில் நின்றுவிட்டது. மஞ்சள் ஒரு பொட்டு இல்லை. பச்சை. அத்தனையும் பச்சை. எல்லாம் ஒரே பக்கமாக, ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்துகொண்டு நிற்கிறது.

"யாருடி சாக்கை எடுத்தது?"

ஓடி வந்தாள். "நான்தான் அம்மாச்சி."

"எதுக்கு எடுத்த?"

"எல்லாம் வெளுத்துப்போயி நின்னுச்சு அம்மாச்சி. காமாலை வந்த மாதிரி. செத்துப் போயிரும்னு பயமா இருந்துச்சு. எங்க அறிவியல் பாடத்துல இருக்கு, வெயில் பட்டாத்தான் செடிக்கு உசிரு. இப்பப் பாரேன், எப்படிப் பச்சையா ஆயிருச்சுன்னு. நான்தான் காப்பாத்தினேன்."

பல் தெரியச் சிரிக்கிறாள். எட்டு வருஷத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை தாயி. விரதத்தில் இருப்பவள் பிள்ளையை அடிக்கக் கூடாது. ஆனால் வாய் நின்றால்தானே. "உன் பாடத்தைக் கொண்டுபோய் அடுப்பில போடு. உன்னை வச்சுக்கிறதுக்குத்தான்டி நான் சோறு தண்ணியில்லாமக் கிடக்கேன், நீயே அதுல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே" என்று கத்தினேன்.

அவள் முகம் மாறிப்போயிற்று. "என்னை வச்சுக்கிறதுக்கா?" என்று மட்டும் கேட்டாள். நான் சாக்கை எடுத்து ஜன்னலை மறுபடி அடைத்தேன். 

அன்றைக்குச் சாயங்காலம் மகளும் மருமகனும் வந்து இறங்கினார்கள். பிள்ளைக்குப் புதுச் சுடிதார், எனக்கு ஒரு சேலை. மருமகன் ராசபாண்டி நல்ல மாதிரி, குனிந்த தலை நிமிர மாட்டார். "அத்தை, உடம்புக்கு என்ன?" என்றார். "ஒண்ணுமில்லை" என்றேன்.

மறுநாள் ஊர்வலம். நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகக் கடைசி வரிசையில் நின்றேன். முன்னால் போகிற பாரியெல்லாம் மஞ்சளாக ஆடிக்கொண்டு போகிறது. என் தலையில் பச்சை. ராக்காயி மதினி திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இத்தனை வருஷ எரிச்சல், விடுவாளா?

"என்ன மதினி, பாரின்னு நினைச்சுப் புல்லை வளத்துட்டியா? இறக்கி வையி, என் வெள்ளாட்டுக்கு ஒரு வாய் ஆகும்."

கும்மி கொட்டுகிற பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். கனியும் அதில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

கோயிலில் பூசாரி இருளப்பன் சட்டியை வாங்கி ஒரு தரம் பார்த்தார். "முளைச்சது முளைப்பாரி. வையி ஆத்தா" என்று சொல்லி மற்றதோடு வைத்துவிட்டார். அவர் நல்ல மனுஷர். ஆனால் எனக்குள்ளே ஆறவில்லை. சட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இது அம்மன் சொன்ன பதிலே இல்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் அவள் எனக்குச் சாதகமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், நாலு விரல் வளர்த்துக் காட்டினாள். நடுவில் பிள்ளை சாக்கை எடுத்து அவள் வாயை மூடிவிட்டது. பாதியில் நின்ற பதிலை முழுப் பதிலாக எப்படி எடுக்க முடியும்? அது நியாயமா? மறுபடி கேட்க வேண்டியதுதான்.

புதன்கிழமை காலையில் பாரியைக் கரைத்துவிட்டு வந்தோம். செல்வராணி பிள்ளையின் துணியை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். மத்தியானப் பேருந்துக்குக் கிளம்ப வேண்டுமாம்.

"எதுக்கு அடுக்குற? பிள்ளை இங்கதான் இருக்கும்" என்றேன்.

"அம்மா, ஆரம்பிக்காதே. பள்ளிக்கூடத்துல பேசி வச்சாச்சு."

"அந்தக் குச்சுக்குள்ள கொண்டுபோயி அடைக்கப் போறியா? பிள்ளைக்கு மூச்சு முட்டிரும்."

"இங்க மட்டும் என்ன? அவ கையைப் பாத்தியா? என் கையும் இப்படித்தான் இருந்துச்சு."

"வேலை செஞ்ச கைதானே. அதுல என்ன கேவலம்?"

"சரி. அவகிட்டயே கேப்போமா? எங்க இருக்கணும்னு அவளே சொல்லட்டும்."

"பதினோரு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

"எனக்குப் பதினேழு. என்கிட்டயும் நீ ஒரு நாளும் கேட்டதில்லம்மா."

அப்புறமும் ஏதேதோ சொன்னாள். கொஞ்சம் அழுதாள். எதற்கு அழுதாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அந்த நேரத்தில் எனக்குத் தலை வேறு சுற்றியது.

நான் நியாயமாக ஒரு வழி சொன்னேன். "நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். கோயிலுக்குப் போவோம், பூக் கட்டிப் பார்ப்போம். ஆத்தா சொல்றது முடிவு" என்றேன். உங்கள் பக்கத்தில் உண்டா அது? ஒரு இலையில் வெள்ளைப் பூ, ஒரு இலையில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போடுவது. ஒரு சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் ஆகட்டும், சிவப்பு வந்தால் ஆகாது. எங்கள் ஊரில் கல்யாணமே அப்படித்தான் முடிவாகும். என் கல்யாணமும் அப்படித்தான் முடிவாயிற்று. யாரும் அதை மீறியதில்லை.

செல்வராணி மடித்த துணியைக் கீழே வைத்தாள். "வெள்ளை வந்தா?"

"வெள்ளை வந்தா பிள்ளை இங்க. சிவப்பு வந்தா நானே பையைத் தூக்கிட்டு வந்து பஸ் ஏத்தி விடுறேன்."

"சத்தியமா?"

"அம்மன் மேல."

அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தானே. ஒப்புக்கொண்டாள்.

பூப் பறிக்கக் கொல்லைக்குப் போனேன். கனி கூடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். நந்தியாவட்டையைப் பறித்துப் போட்டேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. சிவப்புக்கு அரளிதான், கிணற்றடியில் நிற்கிறது.

"அரளியை நான் பறிக்கவா அம்மாச்சி?"

"வேண்டாம் தாயி, அது வாடியிருக்கு."

"காலையிலதானே பூத்துச்சு?"

"வாடியிருக்குன்னா வாடியிருக்குடி."

உண்மையாகவே ஓர் இதழ் ஓரத்தில் சுருங்கியிருந்தது தாயி, என் கண்ணால் பார்த்தேன். வாடிய பூவை அம்மன் காலில் போடலாமா? பாவம் இல்லையா? வேறு சிவப்புப் பூ தேடி ஊரெல்லாம் அலையவும் நேரமில்லை, பேருந்துக்கு நேரமாகிறது என்று மகள் துடிக்கிறாள். அதனால் இரண்டு இலையிலும் நந்தியாவட்டையையே வைத்தேன். கனி கிழித்துக் கொடுத்த வாழை நாரில் கட்டினேன். பூ முக்கியமா, மனசு முக்கியமா? அம்மனுக்கு என் மனசு தெரியும். பிள்ளை எதை எடுக்க வேண்டும் என்று அவள் நினைக்கிறாளோ அதைத்தானே எடுக்க வைப்பாள். நான் கட்டியது ஒரு பேருக்கு.

அப்படிப் பார்க்காதீர்கள். நாற்பத்தொரு வருஷம் அவளுக்கு விரதம் இருந்திருக்கிறேன், இது கூட எனக்குச் செய்ய மாட்டாளா?

கோயிலில் பூசாரி இருந்தார். நான் கொடுத்த இரண்டு பொட்டலத்தையும் வாங்கிக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். செல்வராணி சேலை முந்தியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். மருமகன் வாசலில் பையோடு நின்றார். கூப்பிடாமலே ராக்காயி மதினியும் வந்துவிட்டாள், வேடிக்கை என்றால் அவளுக்குக் கால் நிற்காது. எனக்கு மட்டும் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. ஏன் அடிக்க வேண்டும், எதை எடுத்தாலும் வெள்ளைதானே. ஆனாலும் அடித்தது.

"வா தாயி, ஒண்ணை எடு" என்றார் பூசாரி.

கனி தலை முழுகிப் புதுச் சுடிதார் போட்டிருந்தாள். முன்னால் போனாள். பொட்டலத்தைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எடு கனி" என்றேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பூசாரி இன்னொரு முறை சொன்னார். ராக்காயி மதினிகூட, "சும்மா எடுடி, கடிச்சா வைக்கும்?" என்றாள்.

பிள்ளை எதையும் எடுக்கவில்லை. அம்மா கூடத் திருப்பூருக்குப் போகிறேன் என்று சொன்னாள்.